சின்னவள் இடித்த சுவர்

மார்ச் 30

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஆறு வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நாங்கள் பழைய வீட்டில் இருக்கிறோம். அதைச் சொல்லத்தான்.

வாடகை வீட்டில் தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டது. "மூணே நாள், பழைய வீட்டுல இருந்துட்டு வந்துடலாம்" என்று உங்கள் கொழுந்தன்தான் கிளப்பினார். இரண்டு பெட்டியோடு வந்தோம். மூன்றாம் நாள் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். இவருடைய அச்சகமும் மூடியாயிற்று, நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியும் மூடியாயிற்று. எங்கள் பாதியில்தான் இருக்கிறோம், கவலைப்படாதீர்கள். உங்கள் வீட்டுக்காரரும் இவரும், அண்ணனும் தம்பியுமாகக் கூடத்தின் நடுவில் கட்டிய சுவருக்கு அந்தப் பக்கம், உங்கள் பாதி, பூட்டியது பூட்டியபடி இருக்கிறது.

ஆனால் அக்கா, வீட்டை நீங்கள் பார்க்க வேண்டுமே! குழாயைத் திறந்தால் முதலில் இருமல், பிறகு துருத்தண்ணீர், அப்புறம் ஒரு பல்லி! சமையலறை ஜன்னல் பெயின்ட்டோடு பெயின்ட்டாக ஒட்டிக்கிடந்தது. கத்தியை வைத்துச் சுரண்டிச் சுரண்டி நான்கு மணி நேரம். படாரென்று திறந்து வெயில் அடுப்பு வரைக்கும் வந்து விழுந்தது. நான் போட்ட கூச்சலில் பாம்பு என்று நினைத்துக் குட்டி கட்டிலில் ஏறிவிட்டாள். அவளுக்குப் பதினொரு வயது ஆகிறது அக்கா.

கடை இரண்டு மணி நேரம்தான் திறக்கிறார்கள், போனால் காய் இல்லை. அதனால் பின்கட்டில் இருந்த முள்ளை வெட்டி மண்ணைக் கொத்தியிருக்கிறோம். அழுகின தக்காளி ஒன்றைக் காகிதத்தில் பிழிந்து விதை எடுத்தேன். அஞ்சறைப் பெட்டியில் இருந்த மிளகாயை உடைத்துத் தூவினேன். எதிர்வீட்டம்மா ஒரு பிடி கீரை விதையும் அவரை விதையும் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த அம்மாவின் கணவர்தான் மருந்து வேன் ஓட்டுகிறார். வாரம் இரண்டு தடவை உங்கள் நகரத்துக்கு வருகிறார், கடிதத்தை உங்கள் கட்டடத்துக் காவலாளியிடம் கொடுப்பார். போன் செய்யலாம்தான். ஆனால் போனில் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடும். கடிதத்தில் என் பேச்சை நீங்கள் நடுவில் வெட்ட முடியாது.

சின்னவள்

ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழைகள் ஏழு. இருபது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவளுக்குப் பிழை கண்ணில் படாமல் போகாது.

உங்கள் பாதியில் நீங்கள் இருப்பதற்கு என் அனுமதி தேவையில்லை. முள்ளை வெட்டினீர்கள், ஜன்னலைத் திறந்தீர்கள், நல்லது. ஆனால் பின்கட்டு பொது இடம். அதில் பாதி எங்களுடையது என்பது நினைவிருக்கட்டும்.

மிளகாயை உடைத்துத் தூவினால் முளைக்காது. நாற்றுவிட்டு நடவேண்டும்.

நானும் இவரும் நலம். வேறு செய்தி இல்லை.

பெரியவள்

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

மிளகாய் முளைத்துவிட்டது! பதினேழு! எண்ணிப் பார்த்தேன், மறுபடி எண்ணினேன், இவரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். நீங்கள் எழுதியதைப் படித்த அன்றைக்கே முளை கிளம்பியிருந்தது. உங்களுக்குப் பயந்துகொண்டு வந்ததோ என்னவோ. அவரை, இரண்டு இலையோடு கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கிறது. கீரையைச் சொல்லவே வேண்டாம், பச்சைக் கம்பளம்.

வீட்டிலும் வேலை ஓடுகிறது. இவர் ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறமாட்டார், தலை சுற்றுமாம். அதனால் கூரை ஓடுகளை நான் மாற்றுகிறேன், இவர் கீழே நின்று "பார்த்து, பார்த்து" என்கிறார். எதைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லமாட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேல்தொட்டியைச் சுத்தம் செய்து தண்ணீர் நிரப்பினோம். மறுநாளே நடுச்சுவரின் அடியில் ஈரம். இன்றைக்கு இடுப்பு உயரம் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு கொத்தனார் ஊருக்குப் போகமுடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பாரம் தாங்கற சுவரில்ல. கோவத்துல கட்டுன சுவரு. அஸ்திவாரமே அரை அடிதான் இருக்கும். கீழே குழாய் ஓடுது, அதை உடைச்சிருக்காங்க" என்றார்.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். நம் வீட்டில் குட்டிச்சுவரைக் கட்டியதே இரண்டு கழுதைகள்தான்.

இடிக்கலாமா அக்கா?

சின்னவள்

ஏப்ரல் 19

சின்னவளுக்கு,

கழுதை என்று எழுதியதை இவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தச் சுவர் சும்மா வரவில்லை. அது எதனால் வந்தது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இடிக்கக் கூடாது. தொட்டியைக் காலி செய்துவிட்டு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெரியவள்

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

சரி. இடிக்கவில்லை. வாளியில்தான் பிடிக்கிறோம்.

இந்தக் கடிதத்தோடு வேன்காரரிடம் ஈரத்துணியில் சுற்றி ஒரு கட்டுக் கீரை கொடுத்திருக்கிறேன். முதல் அறுப்பு! நான் அறுத்தேன் என்று சொல்லக்கூடாது, பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்தேன். நாங்கள் இன்னும் வாயில் வைக்கவில்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தண்ணீரை நிறுத்தியும் ஈரம் நிற்கவில்லை. எங்கள் பக்கமே இப்படி இருந்தால் உங்கள் பக்கம் என்ன கதியோ. உங்கள் மர அலமாரி அந்தச் சுவரை ஒட்டித்தானே நிற்கிறது?

சின்னவள்

மே 2

சின்னவளுக்கு,

கீரை வாடாமல் வந்தது. ஒரு மாதமாகப் பருப்பும் உருளைக்கிழங்கும்தான் சாப்பிட்டோம். இவர் தட்டை வழித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்று சொன்னேன். சமையலறையில் எனக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன்.

அலமாரி சுவரை ஒட்டித்தான் நிற்கிறது. சாவியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். திற. அலமாரியை மட்டும் நகர்த்து. வேறு எதையும் தொடாதே.

பெரியவள்

மே 8

அக்காவுக்கு,

தொட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், தொடாமல் முடியவில்லை.

உங்கள் பக்கம் சுவரில் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருக்கிறது. அலமாரியின் முதுகுப் பலகை அட்டைபோல் பிய்ந்து வந்தது. உங்கள் சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். எல்லாம் பிழைத்தது, அந்தக் கத்தரிப்பூ நிறம் மட்டும் போய்விட்டது. தட்டச்சு இயந்திரத்தைத் துடைத்து உயரத்தில் வைத்திருக்கிறேன்.

கீழ்த்தட்டில் ஒரு கோப்பு இருந்தது. வழக்குக் காகிதம் என்று நினைத்துத்தான் பிரித்தேன். பக்கம் பக்கமாக "கககக பபப ளளளள" என்று அடித்திருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் நீங்கள் தேதி போட்டு, "குட்டி அடித்தது, வயது மூன்று", "குட்டி அடித்தது, வயது நான்கு" என்று அடித்திருந்தீர்கள். நான் காலையில் வேலைக்குப் போய் இருட்டும்போது வருவேன். நீங்கள் நீதிமன்றத்திலிருந்து வந்தபிறகு சாயங்காலமெல்லாம் அவள் உங்கள் மடியில் உட்கார்ந்து இதைத்தான் செய்தாளா? எனக்குத் தெரியாதே அக்கா.

எல்லாம் நனைந்திருந்தது. துணிக்கொடியில் கிளிப் போட்டு முப்பத்தொரு பக்கத்தையும் காயவைத்தேன். குட்டி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். "இது நான் அடிச்சதா? பெரியம்மா வெச்சிருந்தாங்களா?" என்றாள். நான் கொடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஈரம் நிற்கவேண்டுமென்றால் சுவரின் அடியில் தோண்டிக் குழாயை மாற்றவேண்டும். சுவர் இருக்கும்போது தோண்டினால் அது நம் தலையில் விழும். நீங்கள் வேண்டாம் என்றால் மறுபடி கேட்கமாட்டேன்.

சின்னவள்

மே 11

இடி.

மேலிருந்து இடி. கீழிருந்து ஆரம்பிக்காதே. கண்ணுக்கு ஏதாவது கட்டிக்கொள். கொழுந்தனை ஏணியில் ஏற்றாதே.

பெரியவள்

மே 21

அக்கா!

இடித்தாயிற்று! நானும் இவரும், இரண்டே பேர், மூன்று நாள்! கொத்தனார் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "மெதுவா! ஒரு வரிசை எடுத்துட்டு அடுத்த வரிசை!" என்று கத்த, பள்ளியில் மாணவர்களிடம் நான் கத்துவதுபோல் இவரிடம் நான் கத்த, தெருவுக்கே வேடிக்கை. கடைசி வரிசை போனதும் உங்கள் வாசல் வெளிச்சம் நேராக எங்கள் சமையலறைக்கு வந்துவிட்டது. இந்தக் கூடம் இவ்வளவு பெரியதா! குட்டி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடிக்கொண்டே இருந்தாள். நானும் ஒரு தடவை ஓடினேன், இவர் பார்க்காதபோது.

குழாயை மாற்றிவிட்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நல்ல செங்கல்லையெல்லாம் பின்கட்டில் பாத்திக்கு வரப்பாக அடுக்கிவிட்டேன். அவரை, பந்தல் ஏறிவிட்டது.

இனி எழுதப்போவதை நேற்றிலிருந்து நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

இடித்த வேகத்தில் மாடிப்படியையும் தேய்த்து மெருகு போடலாம் என்று ரப்பர் விரிப்பைப் பிய்த்தேன். மேலிருந்து நான்காவது படி. ஆறு வருடத்துக்கு முன் குட்டி விழுந்தாளே, அந்தப் படி. விரிப்புக்கு அடியில் பலகை நீளவாக்கில் பிளந்து, ஒற்றை ஆணியில் நின்றுகொண்டிருக்கிறது. ஓரத்தில் கை வைத்து அழுத்தினேன், சடக்கென்று சாய்ந்தது. பிளவுக்குள் பழைய அழுக்கு கெட்டியாக அடைந்திருக்கிறது. இன்று நேற்றுப் பிளந்தது இல்லை அக்கா. மேலே விரிப்பு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "விரிப்பு அடிச்சது நான்தான். அடியில பார்க்கல" என்று சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து வயதுக் குழந்தை ஓரத்தில் கால் வைத்திருக்கிறாள், பலகை கவிழ்த்துவிட்டது. நீங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் விழுந்திருப்பாள். நீங்கள் பார்க்காமல் விட்டது இல்லை.

புதுப் பலகை போட்டுவிட்டோம். எட்டு ஆணி.

சின்னவள்

மே 25

சின்னவளுக்கு,

அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கியது. அவள் படியில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். "அங்கேயே நில்லு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பாலை இறக்கப் போனேன். சத்தம் கேட்டது. ஆறு வருடமாக அந்தப் பாலை இறக்கிக்கொண்டே இருக்கிறேன். இறக்காமல் பொங்கி வழிய விட்டிருக்கலாமே என்று நினைக்காத நாள் இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இவர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பலகை கவிழ்ந்தது, சரி. ஆனால் மருத்துவமனை வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை வந்ததே. அதையும் பலகையா சொன்னது?

பெரியவள்

ஜூன் 1

அக்காவுக்கு,

இல்லை. நான் சொன்னேன்.

"பெத்திருந்தாத்தானே தெரியும்" என்று சொன்னேன். மறைத்து எழுதினால் மன்னிப்புக் கேட்டதாக ஆகாது. என் பிள்ளையை மூன்று வயதிலிருந்து வளர்த்தவளைப் பார்த்துச் சொன்னேன். குழந்தையின் இடது கை ஒடிந்த பதற்றம் என்று பிறகு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதற்றம்தான். ஆனால் எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தேன். உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறுவாரம் அண்ணனும் தம்பியும் சுவர் கட்டினார்கள். அப்போதாவது ஓடிவந்து உங்கள் காலைப் பிடித்திருக்கலாம். வீம்பு.

என்னை மன்னியுங்கள் அக்கா. முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

சின்னவள்

ஜூன் 11

அக்கா,

பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. உங்கள் கட்டடத்தைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள், காவலாளியையும் காணோம் என்று வேன்காரர் இன்றைக்குச் சொன்னார். நான் கொடுத்தனுப்பிய அவரைக்காயைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

கோபத்தில் எழுதாமல் இருந்தால் இருந்துவிட்டுப் போங்கள். நூறு வருடம் கோபமாக இருங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வரி மட்டும் போடுங்கள். "நான் அண்ணனைப் பார்க்கப் போறேன்" என்று இவர் இரண்டு முறை பையைத் தூக்கினார். தெருமுனையில் காவலர் திருப்பி அனுப்பிவிட்டார்.

சின்னவள்

ஜூன் 19

சின்னவளுக்கு,

கடிதம் இரண்டும் நேற்றுத்தான் கைக்கு வந்தன. ஒன்றாகப் படித்தேன்.

இவருக்கு மே கடைசியில் காய்ச்சல் ஆரம்பித்தது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், என்னைக் கூட வரவிடவில்லை. பன்னிரண்டு நாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி. உனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ ஏதாவது காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய் என்று பயந்தேன். கிளம்பியிருப்பாய்தானே?

பிழைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார். இளைத்துவிட்டார், ஆனால் முதல் கேள்வியே, "சின்னவ கீரை அனுப்பலையா?"

அந்தப் பன்னிரண்டு நாளில் உன்மேல் கோபப்படப் பல தடவை முயன்றேன். பழைய பழக்கம், கைக்கு எட்டும் என்று நினைத்தேன். வரவில்லை. இவர் திரும்பி வராவிட்டால் நான் யாருக்கு எழுதுவேன் என்று யோசித்தபோது உன் பெயர்தான் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

நீ சொன்ன வார்த்தை மறக்காது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதை நீயே உன் கையால் எழுதி அனுப்பியபிறகு அது என்னிடம் மட்டும் இல்லை. பாதி உன்னிடம் வந்துவிட்டது. பாதி பாரத்தை என்னால் தூக்கமுடியும்.

அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எங்கள் பாதியைப் பெருக்கி வை. பதினான்கு நாள் தனியாக இருக்கவேண்டுமாம்.

பெரியவள்

ஜூலை 3

அக்காவுக்கு,

இருபது அடி தூரத்தில் இருக்கிறவருக்குக் கடிதம் எழுதுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்! சுவரை இடித்துவிட்டு அதே இடத்தில் படுதா கட்டவேண்டி வந்ததே என்று இவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார். கத்திப் பேசலாம்தான், ஆனால் உங்கள் பக்கம் மாமா தூங்குகிறார் என்று நீங்கள்தானே நேற்று அதட்டினீர்கள்.

நேற்று நீங்கள் காரிலிருந்து இறங்கியபோது என்ன பேசுவது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயைத் திறந்தால், "குழாய்ல வெந்நீர் வருது" என்கிறேன்! நீங்களும், "ம், நல்லது" என்கிறீர்கள்! ஆறு வருடத்துக்கு அப்புறம் இதுதானா பேச்சு?

தட்டில் வைத்திருப்பது நம் தோட்டத்து முதல் தக்காளி. ஒன்றுதான் பழுத்திருந்தது. ஐந்தாக நறுக்க மனசு வரவில்லை. மாமாவும் நீங்களும் பாதிப் பாதி. நாளைக்கு இன்னும் ஐந்து பழுத்துவிடும், நான் தினமும் போய் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

கத்தரிப்பூ நிறச் சேலைக்கு மன்னிப்பு.

சின்னவள்

ஜூலை 16, காலை

சின்னவளுக்கு,

தக்காளியை நாங்கள் பாதியாக நறுக்கவில்லை. இவர் முழுவதையும் தின்றுவிட்டார். நோயாளி என்று விட்டுவிட்டேன்.

பதினான்கு நாளாக என் ஜன்னலில் உட்கார்ந்து உங்கள் மூன்று பேரையும் பார்த்தேன். நீ மண்வெட்டியைப் பிடிக்கும் விதம் தப்பு. கொழுந்தன் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லிவிட்டுப் பூசணிக்கொடியின் நிழலில் தூங்குகிறான். தோட்டம் அருமை என்று நீ தினமும் கேட்டுக் கேட்டு என்னைச் சொல்ல வைத்தாய். உண்மையில் நான் தோட்டத்தைப் பார்க்கவில்லை. குட்டி அவரைக்காய் பறிக்கும்போது இடது கையை உயரத் தூக்குகிறாளா, முழங்கை முழுவதும் நீள்கிறதா, இதைத்தான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். நீள்கிறது. நேராக, அழகாக நீள்கிறது. முதல் நாள் நம்பவில்லை. ஐந்தாவது நாள் நம்பினேன். அதற்குப் பிறகு சும்மா சந்தோஷத்துக்காகப் பார்த்தேன்.

நேற்று மாலை படுதாவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "பெரியம்மா, நீங்க திரும்பிப் போயிடுவீங்களா?" என்றாள். "உங்கம்மா சொல்லிக்கொடுத்துக் கேட்கறியா?" என்றேன். "அம்மா கேட்கப் பயப்படறாங்க. அதான் நானே கேட்கறேன்" என்றாள்.

இந்த ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதி நேற்றே வேன்காரரிடம் கொடுத்துவிட்டேன். கிடைக்க நாளாகும். அதுவரைக்கும் விடுப்பு.

கெடு முடிந்துவிட்டது. இவர் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார். இதுதான் கடைசிக் கடிதம். மிச்சமிருக்கும் சண்டையை நேரில் போட்டுக்கொள்ளலாம், மண்வெட்டியில் தொடங்கி. இந்தக் காகிதத்தைப் படுதாவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். நீ படித்து முடிப்பதற்குள் வந்துவிடுவேன். கண்ணைத் துடைத்துக்கொள்.

பெரியவள்